தலைப்பிறையை முதலில் கண்டவன்

கல்முனையில் அந்த வருடம் பெருநாள் பிறையை முதலில் கண்டவன் நான்தான். பொய். வயலில் மாடு மேய்த்தவர்கள் எனக்கு முன்பே கண்டிருப்பார்கள். எங்கள் தெருவில் முதல் ஆள் நான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மாமாவின் கட்டி முடியாத வீட்டு மேல்தட்டில் நான்தான் முதலில் கண்டேன். அங்கே நின்றது இரண்டே பேர்: நானும், மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் என் முகமே தெரியாத வாப்பாவும். அந்தக் கண்ணாடியை அன்று காலையில் மிதித்து உடைத்ததும் நான்தான்.

நோன்பு திறந்த கையோடு ஊரே கடற்கரைக்குப் போயிருந்தது. கடல் கிழக்கே, பிறை வருவது மேற்கே. ஆனாலும் காற்று வாங்கிக்கொண்டு பிறை தேடுவதுதான் எங்கள் ஊருக்குப் பிடிக்கும். நாங்கள் வயல் பக்கம் பார்த்து நின்றோம். மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. உள்ளே வெட்டிப்போட்ட நகம் போல அது.

"வாப்பா, அந்தா பிறை."

"எனக்கு மேகமே தெரியல்லடா. வா, பள்ளிக்கு ஓடுவம்."

புகழ் என்றால் அந்த வயதில் எனக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர் வருவது. அதுவரை என் பெயர் அதில் ஒரேயொரு தடவை வந்திருந்தது, காணாமல் போன பிள்ளையாக.

பள்ளித் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கண்டது ஆரு?"

"எண்ட மகன்."

"நீங்க காணல்லையா?"

"இல்ல ஹாஜியார். கண்ணாடி உடைஞ்சி பெய்த்து."

"சின்னப் புள்ளட சாட்சிய வெச்சி கொழும்புப் பிறைக் கமிட்டிக்கு என்னத்தக் கதைக்கிற? பெரியாக்கள் ரெண்டு பேர் காணணும்."

தானும் கண்டதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். வாப்பா சொல்லவில்லை. "அப்ப வந்து பாருங்க. கொஞ்சத்தில மறைஞ்சிரும்" என்றார்.

தலைவரும் பாங்கு சொல்லும் மோதினாரும் இன்னும் சில பெரியவர்களும் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பயலுக்குப் பின்னால் ஓடினார்கள். வகுப்பில் ஒருவரையும் முந்தாத நான் அன்று ஊரின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும் முந்தினேன். மாமா வீட்டு மேல்தட்டு வரை போக நேரமில்லை; வயல் வரம்பில் ஏறி விரலை நீட்டினேன். மேகம் மூடிக் கிடந்தது.

"எங்க புள்ள பிறை?"

"இரிங்க, வரும்" என்றேன், அதை நான்தான் கயிற்றில் கட்டி வைத்திருப்பது போல. வந்தது.

"ஓம், ஓம், அந்தா இரிக்கி" என்று முதலில் கத்தியது தலைவர்தான்.

ஒலிபெருக்கி பேசியது. நம்பிக்கையான இருவர் பிறை கண்டார்களாம். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. என் பெயர் இல்லை. எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று அழுகை முட்டியது.

வாப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்தார். வீடு பள்ளிக்குப் பின்னால்தான். அவரோ கடைத்தெருவுக்குள் நடந்தார். ஒவ்வொரு கடைக்கும் நின்று ஸலாம் சொன்னார்.

"இவனா கண்ட?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

"அல்லாஹ் காட்டினான்" என்றார் வாப்பா. இருந்த கொஞ்சத்தையும் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம்.

கண்ணாடி இல்லாததால் மனுசன் வழி தவறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். "வாப்பா, ஊடு மத்தப் பக்கம்" என்று மேலே இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ஓம் மகன், ஓம்" என்றபடி அவர் அடுத்த தெருவுக்குள் திரும்பினார். அதற்குப் பிறகு சந்தை, அதற்குப் பிறகு...

இருங்கள், இன்றைக்கும் பிறை பார்க்கும் நாள்; மேல்தட்டில் இருந்து என் மகள் கூப்பிடுகிறாள். "வாப்பா, கெதியா ஏறி வாங்க. கண்ணாடியப் போட்டுட்டு வாங்க."