ஜனவரி இதழுக்கு விழுந்த ஓட்டு

மார்கிட் போரோஸ் தட்டச்சில் கோட்டை விட்டாள் என்று சொன்னால், அவள் வேலை பார்த்த அடுப்புக் கம்பெனியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். முதலாளி சொல்ல மறந்த காற்புள்ளியைக்கூடத் தானே போட்டுக் கொடுக்கிறவள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு வரியை விட்டாள். அதுவும் ஒரு ஜோக்குக்கு இடம் வேண்டும் என்பதற்காக விட்டாள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. அமெரிக்காவில் டொலீடோ நகரத்து அறிவியல் புனைகதை ரசிகர் மன்றத்தில் மொத்தம் பதினான்கு பேர். மார்கிட் வீட்டின் நிலவறையில் சைக்ளோஸ்டைல் இயந்திரம் வைத்துப் பத்திரிகை போட்டார்கள். பக்கத்தின் அடியில் இரண்டு விரற்கடை வெற்றிடம் கிடந்தால் இவர்களுக்குப் பொறுக்காது. அங்கே யாரையாவது கிண்டல் செய்து ஒரு வரி போட்டே ஆகவேண்டும். பெரும்பாலும் மாட்டுகிறவர் மன்றத் தலைவர் வெர்னன் க்ராட்ஸ். செருப்புக்கடைச் சிப்பந்தியான அவர் எதையும் தாங்கிக்கொள்வார்.

ஏரிக்கரை மாநிலங்களின் ரசிகர் மாநாடு வருஷத்துக்கு ஓர் ஊரில் நடக்கும். அந்த வருஷம் டொலீடோவின் முறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊர்க்காரர்கள், வாசகர்களே ஓட்டுப் போட்டு நல்ல கதைக்குப் பரிசு கொடுக்கிற வழக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் தலைவலி என்று கைகழுவிவிட்டார்கள். அப்படியே போயிருந்தால் ஒரு வருஷத்துக் கூத்தாக முடிந்திருக்கும். மார்கிட்தான் மன்றத்தில் மல்லுக்கு நின்று அதை மறுபடி கொண்டுவந்தாள். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த டெட் நோவாக், ஒரு முழ உயரத்தில் கண்ணாடி ராக்கெட்டுகள் ஊதித் தருவதாக ஒத்துக்கொண்டார்.

அவள் ஏன் அப்படி நின்றாள் என்றால், அதற்குக் காரணம் ஆல்வின் ப்ரூயிட்.

இருபத்து நான்காம் வயதில் மார்கிட்டுக்குக் காசநோய். பத்தொன்பது மாதம் சானடோரியத்தில் மல்லாந்து கிடந்தாள். உள்ளே வந்த பத்திரிகை வெளியே போகக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் கட்டிலுக்குக் கட்டில் கைமாறி, அட்டை கிழிந்து அவளிடம் வரும். அப்படி வந்ததுதான் ப்ரூயிட்டின் தொடர்கதை. நான்கு மாதத் தொடர். இரண்டாம் பகுதியைப் படித்துவிட்டு அவளிடம் கொடுத்த பக்கத்துக் கட்டில்காரி, மூன்றாம் பகுதி வருவதற்குள் போய்விட்டாள்.

மார்கிட்டுக்குக் கிலி பிடித்துக்கொண்டது. வாசகர் கடிதப் பக்கத்தில் ப்ரூயிட்டின் விலாசம் இருந்தது. அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடைக்காரர். அவருக்கு எழுதினாள்: முடிவு வருகிறவரை நான் இருப்பேனா தெரியாது, எனக்கு மட்டும் சொல்லிவிடுங்கள். பதில் ஒரு வாரத்தில் வந்தது. "சொல்ல முடியாது. கடைசிப் பகுதி ஏப்ரல் இதழில் வருகிறது. நீங்கள் இருந்து படித்துக்கொள்ளுங்கள்."

என்ன நெஞ்சழுத்தம் என்று வயிறெரிந்தாள். அந்தக் கோபத்திலேயே ஏப்ரல் வரை இருந்தாள். படித்தாள். பிறகு மே இதழ் வந்தது, ஜூன் இதழ் வந்தது, இலையுதிர் காலத்தில் தன் காலால் நடந்து வெளியே வந்தாள். புது மருந்துதான் காப்பாற்றியது என்றார் டாக்டர். இருக்கலாம். மார்கிட் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிக்கொண்டாள். ஆனால் ப்ரூயிட்டுக்கு நேரில் சொல்ல வாய்ப்பே வரவில்லை.

இப்போது அந்த மனிதருக்கு அறுபத்தாறு வயது. நெஞ்சுவலி. போன வருஷம் ஒரு சிறுகதை எழுதினார், படித்தவர்கள் அழுதார்கள். மாநாட்டுக்கு வருவதாக அவர் எழுதியபோது, இதுதான் என் கடைசிப் பயணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றும் சேர்த்து எழுதியிருந்தார். அவர் கையில் அந்தக் கண்ணாடி ராக்கெட்டைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர மார்கிட்டுக்கு வேறு ஆசை இல்லை.

சிக்கல் அங்கேதான். அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு எப்போதும் அவசரம். ஜனவரி இதழ் நவம்பர் கடைசியிலேயே கடை அலமாரிக்கு வந்துவிடும். பரிசோ போன வருஷத்துக் கதைகளுக்கு. ப்ரூயிட்டின் கதை வந்தது இந்த வருஷ ஜனவரி இதழில். அது போன வருஷத்துக் கதையா, இந்த வருஷத்துக் கதையா? "அட்டையில் அச்சிட்ட மாதமே கணக்கு" என்று மன்றம் முடிவு செய்து, ஓட்டுச்சீட்டின் அடியில் போடச் சொல்லியிருந்தது. மார்கிட் ஓட்டுச்சீட்டுக்கான ஸ்டென்சில் தாளைத் தட்டச்சில் வெட்டும்போது கடைசியில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. கைப்பழக்கம். செவ்வாய்க் கிரகத்து வாடிக்கையாளருக்கு வெர்னன் எத்தனை காலுக்கு அளவெடுப்பார் என்று ஒரு வரி போட்டாள். விதியை மறந்தே போனாள்.

மாநாட்டின் முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், ஹோட்டல் அறையில் சீட்டுகளை எண்ணி முடித்தபோது சிறுகதைக்கு ப்ரூயிட் நாற்பத்தொன்று, சிகாகோவில் பள்ளி ஆசிரியையாக இருந்த ஒரு பெண் முப்பத்தாறு. மார்கிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணுகிறவள் ஓட்டுப் போடக்கூடாது என்று தன் சீட்டைக்கூட அவள் போடவில்லை. அது இல்லாமலே ஐந்து ஓட்டு அதிகம். பிறகுதான் சீட்டுகளின் ஓரக் குறிப்புகளைப் படித்தாள். பதினோரு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: ப்ரூயிட் கதைதான் எனக்குப் பிடித்தது, ஆனால் ஜனவரி இதழ் அடுத்த வருஷக் கணக்கு என்பதால் வேறு கதைக்குப் போடுகிறேன்.

விட்டுப்போன வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் வெர்னனிடம் சொன்னாள். அவர் சீட்டுகளைப் புரட்டிவிட்டு அவற்றை உறையில் திரும்பப் போட்டார்.

"எண்ணுனது நீ ஒருத்திதான். அந்த மனுஷன் ரெண்டு நாள் பஸ்ல உக்காந்து வந்திருக்காரு. பேசாம குடுத்துடுவோம், மார்கிட். யாரு கேக்கப் போறா?"

"அந்தப் பதினோரு பேரும் விதி அச்சாகாமலே அதை மதிச்சுப் போட்டிருக்காங்க, வெர்ன். டீச்சரம்மா கதையும் நல்ல கதை. நான் விட்ட வரிக்கு அந்தப் பொண்ணு எதுக்குத் தோக்கணும்?"

"அப்ப ப்ரூயிட் தோக்கட்டுமா?"

எந்தச் சண்டையையும் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொதுக்கூட்டத்தில் வைத்துக் கைதூக்கித் தீர்த்துக்கொள்வது இவர்கள் வழக்கம். அங்கேயே வைப்பது என்று முடிவானது.

ஞாயிறு காலை இருநூறு பேர் முன்னால் மார்கிட் எழுந்து தன் தப்பைச் சொன்னாள். எந்தக் கதை என்று சொல்லவில்லை. ஜோக்கு எது என்று கேட்டார்கள், சொன்னாள், சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டை மாதமா, கடைக்கு வந்த நாளா என்று வாதம் சூடுபிடித்தது. நடுவரிசையில் ஒல்லியாக ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். புகைப்படத்தில் பார்த்த முகம்தான். அட்டையில் ஜனவரி என்று போட்டிருந்தால் அது ஜனவரிதான், இதில் பேச என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். தன் கதை எந்த இதழில் வந்தது என்று ஆல்வின் ப்ரூயிட்டுக்குத் தெரியாதா என்ன? அவர் தூக்கியதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். அட்டை மாதமே ஜெயித்தது, பரிசு சிகாகோ ஆசிரியைக்கு என்று ஆனது. மார்கிட்டுக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது.

கூட்டம் முடிந்து ஹோட்டல் காபிக் கடையில் அவர் ஆப்பிள் கேக் தின்றுகொண்டிருந்தார். மார்கிட் எதிரே போய் உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னாள். சானடோரியம், கடிதம், ஏப்ரல் இதழ் எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் மட்டும் அன்றைக்கு முடிவைச் சொல்லியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன் என்றாள். ப்ரூயிட் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லக்கூடாதுன்னு இல்லம்மா. அப்ப எனக்கே முடிவு தெரியாது. கடைசிப் பகுதிய எழுதாம விட்டுடலாம்னு இருந்தேன். அப்பத்தான் நீ எழுதுன. ஏப்ரல்ல வரும்னு உனக்கு வாய விட்டுட்டேனே, அப்புறம் எழுதித்தானே ஆகணும்?"

மார்கிட் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். இத்தனை வருஷமாகத் தான் மட்டும்தான் கடன்பட்டவள் என்று நினைத்திருந்தாள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தக் கதை என்னோடதுதான்னு தெரியும். போனது போகட்டும். எத்தனை ஓட்டு விழுந்துச்சு? அதை மட்டும் சொல்லு. தெரிஞ்சுக்கிட்டு ஊருக்குப் போறேன்."

நாற்பத்தொன்று என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அவர் அடுத்த வருஷம் வரமாட்டார் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்ல முடியாது, மிஸ்டர் ப்ரூயிட். ஜனவரிக் கதை அடுத்த வருஷக் கணக்கு. வர்ற செப்டம்பர்ல மில்வாக்கியில மாநாடு. நீங்க இருந்து கேட்டுக்குங்க."

ப்ரூயிட் மிச்சமிருந்த கேக்கை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "நெஞ்சழுத்தக்காரி" என்றார்.

சொல்லிவிட்டாளே தவிர, மில்வாக்கிக்காரர்களுக்குப் பரிசு கொடுக்கிற உத்தேசமே இல்லை. ஆள் இல்லை, நேரம் இல்லை என்றார்கள். மார்கிட் இருபத்து மூன்று கடிதம் போட்டாள். ஓட்டுச்சீட்டு நான் அடிக்கிறேன், நான் எண்ணுகிறேன், ராக்கெட்டை நாங்கள் கொண்டுவருகிறோம், நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள் என்று விடாமல் நச்சரித்தாள். இவள் தொல்லை தாங்காமல் மே மாதம் ஒத்துக்கொண்டார்கள். ஸ்டென்சிலில் முதல் வரியாகவே விதியைப் போட்டாள். அடியில் இருந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டாள். மன்றத்தில் எல்லாரும் அதை வாய் பிளந்து பார்த்தார்கள்.

அயோவாவிலிருந்து மாதம் ஒரு அஞ்சலட்டை வந்துகொண்டிருந்தது. "அக்டோபர். இருக்கிறேன்." "நவம்பர். இருக்கிறேன்." மார்ச்சில் மட்டும் அட்டை வரவில்லை. ஏப்ரலில் வேறு யாரோ எழுதிக் கொடுத்த எழுத்தில் வந்தது: "ஆஸ்பத்திரி. இருக்கிறேன்." மார்கிட் அவற்றைத் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தாள். ஒவ்வொன்றும் வரும்போது அவளுக்குப் பழைய கட்டிலும் ஏப்ரல் இதழும் நினைவுக்கு வரும்.

செப்டம்பரில் மில்வாக்கியில், ஞாயிறு மதிய விருந்தில், சிறுகதைக்கான பெயரை வெர்னன்தான் படித்தார். ப்ரூயிட் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேடைக்கு வந்தார். டெட் நோவாக் நீட்டிய ராக்கெட்டை வாங்கி, பார்க்காமலே மேஜையில் வைத்தார். ஒலிபெருக்கி முன்னால் நின்று கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினார்.

"வந்துட்டேன் மார்கிட். இப்பச் சொல்லு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையில் மார்கிட் எழுந்து நின்றாள்.

"போன வருஷம் நாப்பத்தொண்ணு. இந்த வருஷம் தொண்ணூத்தேழு."

ப்ரூயிட் தலையை ஆட்டினார். பிறகுதான் ராக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.