விஜி போட்ட ஒரு சிட்டிகை உப்பு

கரையான்சாவடி மெயின் ரோட்டில் எங்கள் கடை இருக்கிறது. வீடுகளில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. குடிநீர் மெஷின்களுக்கு சர்வீஸ் செய்கிறோம். நானும் செல்வியும் பங்குதாரர்கள். இருவரும் முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் இதே மெஷின்களைத் தயாரிக்கும் கம்பெனியில் ஒரே லைனில் நின்றவர்கள். கம்பெனி ஓசூருக்கு இடம் மாறியது. நாங்கள் மாறவில்லை.

செல்வி கடையில் இருந்துகொண்டு, வரும் போன்களை எடுப்பாள். நான் வீடுகளுக்குப் போவேன். நான்கு பேர் முன்னால் பேச வராத என்னை வெளியே அனுப்பிவிட்டு, வாய் ஓயாத அவள் ஏன் கடையில் இருக்கிறாள் என்று பலர் கேட்பார்கள். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

1. முதல் வீடு

பாரிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் காலிங் பெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. குப்பைக் கூடையை வெளியே வைக்க வந்த அந்த வீட்டுப் பெண்ணே கதவைத் திறந்துவிட்டாள். மதுரைப் பெண், பெயர் விஜி. ஐ.டி. கம்பெனி வேலை.

"ஆர்.ஓ. சர்வீஸாக்கா? ஆள் பின்னாடி வர்றாகளா?"

"நான்தான் ஆள்" என்றேன்.

ஃபில்டரை மாற்றி முடித்ததும், ஏன் மாற்றினேன் என்று விளக்க நினைத்தேன். வார்த்தை வரவில்லை. ரம்ப பிளேடை எடுத்துப் பழைய ஃபில்டரைக் குறுக்கே அறுத்து, பேப்பரில் வைத்தேன். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டியது, வெளியே சேற்று நிறமாகவும் உள்ளே போகப் போகப் பழுப்பாகவும் இருந்தது.

"அய்யய்யோ, இதையா குடிச்சோம்?"

"இது தடுத்ததும்மா. நீங்க குடிக்கல."

அன்று முதல் எந்த வீட்டிலும் பழைய ஃபில்டரை அறுத்துக் காட்டாமல் நான் கிளம்பியதில்லை. பேச வராததற்குக் கண்டுபிடித்த வழி, தொழில் முறையாகவே ஆகிவிட்டது. அந்தக் குடியிருப்பில் மட்டும் நாற்பது வீடுகள் எங்களிடம் வருட சர்வீஸுக்குச் சேர்ந்தன. கடை வாடகையும் எங்கள் இருவர் வீட்டு அடுப்பும் பெரும்பாலும் அந்த நாற்பதை நம்பித்தான்.

2. டை கட்டிய தம்பி

போன கோடையில் ஒரு நாள் விஜி கூப்பிட்டாள். குரலில் பழைய கலகலப்பு இல்லை. போய்ப் பார்த்தால், சமையல் மேடையருகே டை கட்டிய ஒருவர் நின்றிருந்தார். வேறொரு மெஷின் கம்பெனியிலிருந்து இலவசமாகத் தண்ணீர் சோதிக்க வந்தாராம். மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் விஜி வீட்டு மெஷின் தண்ணீர். இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டார். சில நிமிடங்களில் விஜியின் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியது. அவருடையது அப்படியே இருந்தது.

"நான் எதுவும் சொல்லல மேடம். நீங்களே பாருங்க. இவங்க போடறதெல்லாம் டூப்ளிகேட் ஃபில்டர். புது மெஷின் ஒண்ணுதான் வழி."

விஜி என்னைப் பார்த்தாள். "என்னக்கா இது?"

அது என்னவென்று எனக்குத் தெரியும். அந்த நிறம் தண்ணீரில் இருந்து வருவதில்லை, கம்பியில் இருந்து வருகிறது. தண்ணீரில் இருக்கும் உப்பின் வழியாக மின்சாரம் ஓடும்போது இரும்புக் கம்பி கரைகிறது. நல்ல குடிதண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கத்தான் வேண்டும். அவர் கொண்டுவந்ததோ உப்பே இல்லாத, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். எங்கள் லைன் சூப்பர்வைசர் இதைச் செய்தே காட்டியிருக்கிறார். எல்லாம் தெரிந்தும், பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த பெரிய தவறு அதுதான். தப்பு செய்தவள் ஓடிப்போனாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"இன்னா கலா, மூஞ்சி இப்டி கீது?" என்றாள் செல்வி. சொன்னேன்.

"அவன் அவ்ளோ பேசிகினு கீறான், நீ கம்முனு வந்துட்டியா? ஃபில்டரை அறுக்கத் தெரியுது, வாயைத் தொறக்கத் தெரியல. நல்லா வந்து சேந்தம்மா எனக்கு."

அன்று மாலைக்குள், டை கட்டியவர் போய்க் காட்டிய பதினோரு வீடுகள் சர்வீஸ் வேண்டாம் என்றன. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் போன் செய்தார். ஈரோட்டுக்காரர், மரியாதையானவர். "ஏனுங்கம்மா, ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பி ஹால்ல எல்லார்த்துக்கும் செஞ்சு காட்டறாருங்க. நீங்களும் ஒருக்கா வந்துருங்க. ரெண்டு பக்கமும் கேக்கோணுமில்லீங்க."

3. ஞாயிற்றுக்கிழமை

ஸ்கூட்டரில் செல்வியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். ஹாலில் நல்ல கூட்டம். டை கட்டிய தம்பி அதே இரண்டு டம்ளர்களை வைத்து அதே வித்தையைச் செய்தார். கலங்கியதைப் பார்த்து எல்லோரும் முகம் சுளித்தார்கள். நானும் இத்தனை காலம் இவர்களுக்கு ஃபில்டரை அறுத்துக் காட்டிக்கொண்டுதானே இருந்தேன் என்று அப்போது தோன்றியது. ஏமாற்றுகிறவரும் காட்டத்தான் செய்கிறார். பார்ப்பவர்களுக்கு எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். எழுந்தேன். பேச்சை விட்டுவிட்டு முன்வரிசையில் இருந்த விஜியிடம் போய், "உங்க வீட்டு உப்பு கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் போய் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

"அவர் தண்ணியில ஒரு சிட்டிகை நீங்களே போடுங்க."

"மேடம், அது கம்பெனி வாட்டர், தொடக் கூடாது" என்று டம்ளரை மூடினார் தம்பி.

"தண்ணிதானே நைனா, தங்கமா? கைய எடு" என்றாள் செல்வி.

விஜி உப்பைப் போட்டுக் கலக்கினாள். கம்பியை அவளே இறக்கி, சுவிட்சையும் அவளே போட்டாள். அதுவரை தெளிவாக இருந்த தண்ணீர் கண்ணெதிரே பச்சையாகி, பழுப்பாகி, சாக்கடை போல ஆனது. விஜி வீட்டுத் தண்ணீரைவிட மோசம்.

 செயலாளர் வெயிலுக்கு வாங்கி வைத்திருந்த இளநீரை இன்னொரு டம்ளரில் ஊற்றினார். "இதையும் பாத்துருலாமுங்க." அதுவும் கலங்கியது.

"ஏன் தம்பி, தென்னை மரத்துக்கும் புது மெஷின் மாட்டோணுமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் தம்பி கருவியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கம்பி கரையும் விஷயத்தை அதன் பிறகு நான் நான்கு வாக்கியங்களில் சொன்னேன். ஒரு கூட்டத்தில் நான் பேசிய அதிகபட்சம் அதுதான். பதினொன்றில் ஒன்பது வீடுகள் திரும்பி வந்தன. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

4. இப்போது

இப்போது பிளேடை வாடிக்கையாளர் கையில் கொடுத்து அறுக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீரின் உப்பை அளக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கொடுத்து, மெஷின் பக்கத்தில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறோம். மாதம் ஒருமுறை அவர்களே அளந்து எழுதுகிறார்கள்.

"இன்னா கலா, கஸ்டமருக்குத் தொழில் கத்துக் குடுத்துட்டா நாம இன்னா பண்றது?" என்று செல்வி கேட்டாள். 

போன வாரம் ஃபில்டர் மாற்றும் முறை விஜி வீட்டுக்கு. புது ஃபில்டரோடு போனேன். அவள் தாளைக் காட்டினாள்.

"மூணு மாசமா நம்பர் ஏறவே இல்லக்கா. தண்ணியும் சரசரன்னுதான் வருது. இப்ப மாத்தணுமா?"

கழற்றிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி, இன்னும் இரண்டு மாதம் தாங்கும். அதையே திரும்ப மாட்டினேன். காபி கொடுத்தாள், குடித்துவிட்டு இறங்கினேன். கீழே, சமீபத்தில் குடிவந்த ஒரு பெண் என் ஸ்கூட்டர் அருகே காத்திருந்தாள்.

"விஜி சொன்னாங்க, வேலை இல்லன்னா இல்லன்னு சொல்ற ஆளு நீங்கதான்னு. எங்க வீட்டு மெஷினையும் கொஞ்சம் பாக்குறீங்களா?"

அங்கே மாற்ற வேண்டித்தான் இருந்தது. விஜிக்காகக் கொண்டுபோன புது ஃபில்டரை அவள் வீட்டில் மாட்டினேன். பழையதை அவளே அறுத்தாள்.