என் கணினியில் மட்டும் ஓடிய புரோகிராம்

பங்சாரில் எங்கள் அலுவலகம் சின்னது. கிளினிக்குகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். மற்றவர்கள் எழுதி வைத்த, லைப்ரரி எனப்படும் நிரல் தொகுப்புகளைச் சேர்த்துத்தான் எங்கள் புரோகிராமை உருவாக்குவோம். எந்த லைப்ரரிக்கு எந்த வெர்ஷன் என்று பொதுக் கோப்பில் பதிந்தாக வேண்டும். அப்போதுதான் எல்லார் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

கிள்ளானிலிருந்து ரயிலில் வரும் கோமதிக்கு அது ஆறாவது மாதம். அவளை நிரந்தரமாக்கலாமா என்று நான் அறிக்கை தர வேண்டும். அந்த வாரம் பார்த்து, நான் எழுதிய புதுப் பகுதியை முதலில் எடுத்து ஓட்டிப் பார்த்த அவள் கணினியில் புரோகிராம் ஓடவே இல்லை.

"எனக்கு நல்லா ஓடுதே. நீ எதையோ கெடுத்து வச்சிருக்க" என்றேன், எல்லார் முன்னாலும். அறிக்கையிலும் 'கவனக்குறைவு' என்று எழுதினேன்.

மறுநாள் நான் தனியாக இருந்தபோது வந்தாள். "அக்கா, உங்க மெஷின்ல இந்த லைப்ரரி எந்த வெர்ஷன்னு பாருங்களேன். ஃபைல்ல பழைய நம்பர்தான் இருக்கு."

பார்த்தேன். புதியது. போன மாதம் நானே மாற்றிவிட்டு, பதிய மறந்திருக்கிறேன்.

அன்றைய மீட்டிங்கில் பாஸ், "என்னதான் பிரச்சினை?" என்றார். நான் தயங்கினேன். கோமதி முந்திக்கொண்டு, "ஒரு நம்பர் விட்டுப்போச்சு பாஸ். அக்காதான் பார்த்துச் சொன்னாங்க" என்றாள்.

நானும் தலையாட்டினேன்.

மாலையில் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். வேலை நிரந்தரமான அன்று, "உங்களாலதான் அக்கா" என்று சூடாகக் கறிபாப் பலகாரம் வாங்கி வந்து நீட்டினாள். அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.