கற்பூரத்துக்காக அடைச்ச ஓட்டை

காஸ் லீக் பாக்கப் போற என்னைக் கண்டால் வீட்டுக்காரருக்குப் பயம். அவையின்ர நாயைக் கண்டால் எனக்குப் பயம். என்னை மாதிரி வீடு வீடாப் போய் வேலை செய்யிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

மூண்டு கால் ஆசனம்

லாசால் பக்கம் ஒரு கிரேக்கர், சரித்திரம் படிப்பிச்சு ஓய்வெடுத்தவர். நான் குழாயில சவர்க்கார நுரை பூசி லீக் பாக்க, மனுசன் கதைக்கத் தொடங்கிட்டார். தங்கட நாட்டுப் பழைய கோயில் ஒண்டில, நிலவெடிப்புக்கு மேல மூண்டு கால் ஆசனத்தில ஒரு பொம்பிளை இருந்து வாக்குச் சொல்லுவாவாம். அங்க இனிப்பு மணம் வாறதெண்டு அந்தக் கோயில் பூசாரி ஒருத்தரே எழுதி வச்சிருக்கிறாராம். தோண்டிப் பாத்தவை வெடிப்பே இல்லை, கட்டுக்கதை எண்டினமாம். பேந்து வந்த நிலவியல்காரர் பாறை பிளந்த கோடுகளையும், ஊத்துத் தண்ணியில காஸ் தடயத்தையும் கண்டவையாம். ஒராளுக்கு வெறி ஏற அந்தளவு காஸ் காணுமோ எண்டு இப்பவும் சண்டையாம்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?" எண்டு கேட்டன்.

"காஸ் ஏறினது அவளுக்கு. அவள் சொன்னதைக் கேட்டுச் சண்டைக்குப் போன அரசர்மாருக்கு என்ன ஏறினது?"

வெள்ளிக்கிழமைப் பேஸ்மென்ட்

அடுத்த மாசம் ஒரு மட்டக்களப்பு ஆக்களின்ர வீடு. வெள்ளிக்கிழமையில பேஸ்மென்ட் சாமியறையில வீட்டுக்கார மகேஸ் அக்காவில அம்மாள் வந்து வாக்குச் சொல்லுவா. பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கிக்கொண்டு இருப்பினம். கொஞ்ச நாளா எல்லாருக்கும் தலையிடி, சத்தி எண்டு அவவின்ர புருசன் என்னைக் கூப்பிட்டார். படியில கால் வைக்கவே என்ர கையில இருந்த காஸ் பாக்கிற மீட்டர் கத்தத் தொடங்கிட்டுது. ஐயோ கடவுளே! வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸுக்குக் காத்து வாற ஓட்டையைப் பழஞ்சீலையால இறுக்கி அடைச்சிருக்கினம். நெருப்புக்குக் காத்துக் காணாமல், மணமில்லாத நச்சுக் காஸ் அறை முழுக்க. வால்வைப் பூட்டி, எல்லாரையும் பனிக்குள்ள இறக்கிப்போட்டு நல்லா ஏசினன். மகேஸ் அக்காவுக்கு அழுகை வந்திட்டுது.

"குளிர்காத்துக்குக் கற்பூரம் நூந்து போகுது தம்பி, அதுக்குத்தான் அடைச்ச நாங்க."

மீட்டர் காட்டாதது

வாக்குக் கேக்க வந்து வெளியில நிண்ட ஆக்களில ஒராள் பாக்கியம் அக்கா. கோட்-டெ-நெய்ஜ் பக்கம் துப்புரவு வேலை. மகன் ஊரில சண்டைக்குள்ள காணாமல் போனவன். என்ர வாய் சும்மா கிடந்தால்தானே! பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "இந்தக் காஸுக்குத் தலை சுத்தும், இல்லாததெல்லாம் தெரியும்" எண்டு சொல்லிப்போட்டன். மனுசி வந்து என்ர கையைப் பிடிச்சா.

"என்ட மகன் உசிரோட இருக்கான் எண்டு போன வெள்ளி சொன்னது அம்மாளோ, காஸோ?"

மீட்டரை நிப்பாட்டினன். "மீட்டர் காஸை மட்டும்தான் காட்டும் அக்கா" எண்டன்.

"அப்ப ரிப்போட்டில காஸை மட்டும் எழுதிட்டுப் போங்க தம்பி."

எத்தனையோ வீட்டில உயிரைக் காப்பாத்தியிருக்கிறன். காப்பாத்திப்போட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டு வாகனத்தில ஏறினது அண்டைக்கு மட்டும்தான்.