பிராங்பேர்ட்டிலிருந்து பாரிஸுக்கு ஒரு மணி பத்து நிமிடம்

எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் என் தம்பி பாரிஸில் இறந்துபோனான். உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவன் அப்படியே விழுந்துவிட்டானாம். அவனுடைய அறை நண்பர் தொலைபேசியில் சொன்னபோது, நான் கனடாவில் ஸ்காபரோ தொழிற்சாலைக்கு மத்தியான வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். எட்டு மணிநேரம் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

எங்களுக்கு ஒரு அண்ணன். பிராங்பேர்ட்டில் அகதி வழக்குப் போட்டுவிட்டு இருந்தார். முடிவு வரும்வரை நகர எல்லையைத் தாண்டக்கூடாது. அங்கிருந்து பாரிஸ் ஏறக்குறைய நானூற்றைம்பது கிலோமீற்றர், விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். எனக்கு ரிக்கற் போட்டுத்தந்த பெண் தடித்த நேர அட்டவணையைப் புரட்டி அதைச் சொன்னாள். நான் போகவேண்டியதும் பிராங்பேர்ட்டில் விமானம் மாறித்தான்.

"நீயே போறாய் பிள்ளை?" அண்ணை தொலைபேசியில் கேட்டார். "பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லையே."

"வேறை ஆர் போறது அண்ணை?"

"என்ரை பேரிலையும் ஒரு பிடி வாய்க்கரிசி போடு" என்றார். "நான் எயார்போட்டுக்கு வாறன். பிளேன் பாக்கிற மேல்தட்டு ஒண்டு இருக்கு. அதிலை நிப்பன்."

என்னிடம் ஜெர்மன் விசா இல்லை. அண்ணையை உள்ளே விடமாட்டார்கள், என்னை வெளியே விடமாட்டார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு மணிநேரம் இருந்தோம். பாரிஸ் விமானம் நகர்ந்தபோது மேல்தட்டில் பத்துப் பதினைந்து பேர் கோட்டுகளோடு நின்றார்கள். எவர் அண்ணை என்று தெரியவில்லை. யன்னல் கண்ணாடியில் கையை வைத்தேன். தேத்தண்ணி தந்தார்கள். குடித்து முடிக்குமுன் கோப்பையை வாங்கிவிட்டார்கள். விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது.

பெட்டிக்குள் கிடந்த தம்பிக்குத் தலைமயிரை இடப்பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தார்கள். அவன் வலப்பக்கம் எடுப்பவன். விரலால் மாற்றிவிட்டேன். அறை நண்பர் அரிசியை நீட்டினார். என் பிடியைப் போட்டேன். "இது அண்ணை" என்று வாய்க்குள் சொல்லி இரண்டாவதையும் போட்டேன். அழுகை வரவில்லை. "அக்கா நல்ல திடம்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அன்று பின்னேரம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நீலக் கோட்டோடை நிண்டனான். கண்டனியோ?"

"ஓம் அண்ணை, கண்டனான்."

"கை காட்டினனான்."

"ஓம்."

இரண்டு வருடம் கழித்து அண்ணையின் வழக்கு வென்றது. பயணப் பத்திரமும் கிடைத்தது.

"இனிப் பாரிசுக்கு ஒருக்கால் போட்டு வரலாமே?" என்றேன்.

"அவன்ரை ரூம்காரரும் சுவிசுக்குப் போட்டார். இனி ஆரிட்டைப் போறது பிள்ளை?"

ரொறன்ரோவில் இன்னும் ஸ்னோ கொட்டுதோ என்று கேட்டார். கொட்டுது என்றேன்.