அன்னக்கொடியும் விஜயம் டீச்சரும்

எழுமலைப் பக்கத்தில் அன்னக்கொடி என்றால், கொழுந்தன் மண்டையை உலக்கையால் பிளந்தவள் என்பார்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம், இரண்டாவது பிள்ளை பிறந்த சில மாதங்களில் அவளுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனால் உள்ளிருந்து இரண்டு ஆண்கள் பேசுவார்கள். அவளைப் பற்றித்தான் பேசுவார்கள். புருஷன் மொக்கையன் அவளைக் கோடாங்கியிடம் கூட்டிப்போனான். கோடாங்கி மிளகாய்ப் புகை போட்டு, பேயை இறக்குகிறேன் என்று சாட்டையால் விளாசினான். முதுகுத் தோல் பிய்ந்தது, குரல்கள் போகவில்லை. பிறகு மாட்டுக்கொட்டத்தில் காலில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். கொழுந்தன் காசிமாயன் சோற்றுத் தட்டை வைக்கும்போதெல்லாம் இடுப்பில் ஓர் உதை விடுவான்.

"பேய்க்கு இதெல்லாம் ஒறைக்காதுடி" என்று சிரிப்பான்.

குளிக்க வைக்கச் சங்கிலியை அவிழ்த்திருந்த ஒரு காலையில், காசிமாயன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தான். வேடிக்கை காட்டத்தான் போனான். 'உள்ளே போடப் போறான், போடப் போறான்' என்றன குரல்கள். அன்னக்கொடி சுவரில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்து அவன் பின்மண்டையில் போட்டாள். அவன் சரிந்ததும் பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

காசிமாயன் பிழைத்துக்கொண்டான். அவளை ஊரே சேர்ந்து விளக்குக் கம்பத்தில் கட்டி அடித்தது. இடது கை ஒடிந்தது. மொக்கையன் தடுக்கவில்லை. அவள் நினைவு தப்பிய பிறகு கட்டை அவிழ்த்து, வண்டியில் போட்டுக்கொண்டுவந்து, மதுரையில் மனநோய்க்கான ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனான்.

பக்கத்துக் கட்டிலில் விஜயம் இருந்தாள். மேலமாசி வீதிக்காரி, பள்ளிக்கூட டீச்சர். வந்த புதிதில் தூங்காமல் பாடினாள், சிரித்தாள், அதட்டிய நர்ஸைக் கன்னத்தில் அறைந்தாள். அப்படியும் டாக்டரிடம் வழக்காடினாள்.

"எனக்கு மேனியா. அவளுக்கு ஸ்கிசோஃப்ரீனியா. நீங்களே சொல்லியிருக்கேள். ஒரு பைத்தியத்துக்குப் பக்கத்துல என்னைப் போட்டிருக்கேளே, நியாயமா?"

அன்னக்கொடிக்கும் அதே இளப்பம் இருந்தது. "காரணமில்லாம கை நீட்டுறவதான் பைத்தியம். நான் பிள்ளையக் காப்பாத்த அடிச்சேன்" என்பாள். ஒருமுறை இருவரும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்கள். விலக்கிவிட வந்த ஆயாவுக்கு ஒரு பல் போயிற்று.

சில வாரங்களில் விஜயத்தின் பாட்டு நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் சாப்பிடவில்லை, பேசவில்லை. ஒரு நாள் எல்லாரும் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது எழுந்துபோய் ஆஸ்பத்திரித் தோட்டத்துக் கிணற்றில் விழுந்தாள்.

ஓடிவந்தவர்கள் கயிறு தேடினார்கள். கிணற்றுக்குள் இரண்டு ஆண்கள் பேசுகிறார்கள் என்று வார்டு முழுக்கச் சொல்லி, அந்தத் திசைக்கே போகாத அன்னக்கொடி குதித்தாள். தண்ணீருக்குள் விஜயம் அவள் முகத்தைப் பிறாண்டினாள், சரியாகக் கூடாத கையைக் கடித்தாள். "விடுடி என்னை! விடுடி!" அன்னக்கொடி ஓங்கி ஓர் அறை விட்டு, கூந்தலைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டாள்.

மூச்சு வாங்கியபடி விஜயம் கேட்டாள். "அவா ரெண்டு பேரும்... உள்ளே பேசினாளா?"

"பேசுனாங்க. நீ போட்ட கூப்பாட்டுல ஒண்ணும் வெளங்கல."

விஜயம் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

மருந்தில் இருவரும் தேறினார்கள். அன்னக்கொடிக்குக் குரல்கள் முழுக்கப் போகவில்லை, தணிந்து கேட்டன. வீடுகள்தான் சேர்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்கப் போன அன்னக்கொடியை, வேறு கல்யாணம் செய்திருந்த மொக்கையன் கல்லால் எறிந்து விரட்டினான். விஜயத்தின் அண்ணன் பஞ்சாபகேசன், "பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கேன். நீ ஆத்துல இருந்தா யார் வருவா?" என்றார். இருவரும் செல்லூரில் ஓர் அறையில் குடியேறினார்கள். மஞ்சள்காமாலை வந்திருந்தது என்று சொல்லி விஜயம் வேலைக்குத் திரும்பினாள். அன்னக்கொடி ஓட்டலில் மாவாட்டினாள். அக்கம்பக்கத்தில் விஜயம் அவளை வீட்டு வேலைக்காரி என்றே சொல்லிவைத்தாள். அன்னக்கொடிக்கு அது சுட்டது.

எண்பத்திரண்டில், பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஓட்டலிலிருந்து திரும்பிய அன்னக்கொடி, வழக்கம்போலக் குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவள், தெருவில் நின்ற ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

"புடிங்கடா அவள!"

செருப்பு, விறகுக்கட்டை, சைக்கிள் செயின். விழுந்த பிறகும் மிதித்தார்கள். ஒருவன் தலையில் போட அம்மிக்குழவியைத் தூக்கினான். பள்ளி விட்டு வந்த விஜயம் கூட்டத்தைப் பிளந்து அவள்மேல் கவிழ்ந்தாள். செயின் அவள் நெற்றியைக் கிழித்தது.

"டீச்சர், தள்ளிக்கங்க! அது பைத்தியம்!" என்று கத்தினான் பேச்சிமுத்து. அவன் மகள் விஜயத்திடம் படித்தாள்.

"நானும் பைத்தியம்தான்! ஒரே ஆஸ்பத்திரி, அடுத்தடுத்த கட்டில். அடிக்கணும்னா ரெண்டு பேரையும் சேத்து அடிங்கோ!"

பேச்சிமுத்துதான் முதலில் அசைந்தான். குழவிக்காரன் கையை முறுக்கிக் கீழே போடவைத்தான். கூட்டம் கலைந்தது. அன்னக்கொடிக்கு ஒரு காது கேட்காமலே போயிற்று. விஜயத்துக்கு வேலை போயிற்று. பேச்சிமுத்து மட்டும் மகளை வீட்டுக்குப் படிக்க அனுப்பினான். கொஞ்ச காலத்தில் வேறு சில பிள்ளைகளும் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பழகியவர்களும் ஞாயிறுதோறும் சாப்பிட வந்தார்கள். கையைக் கழுவிக் கழுவித் தோலை உரித்துக்கொண்ட ஹாலாஸ்யம், குரல் கேட்கிறவர்களோடு உட்காரமாட்டேன் என்று தள்ளி நின்றான். அன்னக்கொடி அவன் தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

"பெரிய பைத்தியம், சின்னப் பைத்தியம்னு இங்க தனிப் பந்தி கெடையாது. தின்னு."

எண்பத்தாறில் விஜயத்துக்கு மறுபடி வந்தது. சட்டி பானைகளை உடைத்தாள், தடுக்கப்போன அன்னக்கொடியை அரிவாள்மணையால் தோளில் வெட்டினாள். ஹாலாஸ்யமும் பேச்சிமுத்துவும் அவளைப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். அன்னக்கொடி முந்தானையால் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த நர்ஸ், இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேஷன்டுக்கு நீங்க என்ன ஒறவு?"

அன்னக்கொடி கேட்காத காதை நர்ஸ் பக்கம் திருப்பியபடி நின்றாள். விஜயம் கட்டிலில் திமிறிக்கொண்டே கத்தினாள்.

"அக்கா! எழுதிக்கோ, எங்க அக்கா! முதல்ல அவளுக்குத் தையல் போடு!"