சபைத் தளத்துக்கு ஷீட்டு உபயம்

சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிற தொழிலில், கடையிலிருந்து நேராகப் போகிற ஷீட்டு வளைந்துதான் திரும்பி வரும். போகும்போதே அப்படித்தான் இருந்தது என்று வாங்கிப் போனவர் சொல்வார்.

செவிலிமேட்டில் நானும் என் வீட்டுக்காரரும் அந்தக் கடையைத்தான் நடத்துகிறோம். கூரையாகக் கான்கிரீட் தளம் போடும்போது அடியில் வைக்கிற இரும்பு ஷீட்டு, அதைத் தாங்குகிற ஜாக்கிக் கம்பம், கலவை மெஷின் எல்லாம் எங்களிடம் உண்டு. எங்கள் சபைக்கு அப்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை வந்தால் பிரசங்கத்துக்கு நடுவே பிளாஸ்டிக் பேசின் தேடுவோம். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், "அவங்கவங்க கிட்ட என்ன இருக்குதோ அதைக் குடுங்க, கட்டிடலாம்" என்றார். சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. கோயில், பள்ளிவாசல், சங்கக் கட்டடம் என்று எதிலாவது கமிட்டியில் மாட்டியவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சுவருக்கு முன்னால் கடிகாரம்

அஸ்திவாரம் தோண்டி முடிப்பதற்குள் காணிக்கைகள் வர ஆரம்பித்துவிட்டன. முதலில் சுவர்க் கடிகாரம் வந்தது. மறுவாரம் இன்னொன்று. அதற்கப்புறம் வாராவாரம். எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மாட்டுவதற்குத்தான் சுவர் இல்லை. பட்டு நெய்கிற ஒரு குடும்பத்தார் பிரசங்க மேடைக்கு ஜரிகை போட்ட துணி நெய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். மேடை இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. எல்லாவற்றையும் எங்கள் கடையில்தான் வைத்தோம். கடைக்கு வந்த ஒருவர், கடிகார வியாபாரமும் ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

கமிட்டிச் செயலாளர் டேவிட் சார், ஓய்வுபெற்ற வாத்தியார். எங்கள் தெருக்காரர். அவரிடம் போய், "சார், யாராவது மணல், சிமெண்ட்டுன்னு குடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்: "மணலைக் குடுத்துட்டு, எது நம்ம மணல்னு எப்படிம்மா காட்றது?"

சனிக்கிழமை ஊழியம்

எப்படியோ மணலும் கல்லும் வந்து சேர்ந்தன. அடுத்தது உடலுழைப்பு. சபைப் பிள்ளைகள் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை லீவில் வந்து செங்கல் சுமப்பதாகச் சொன்னார்கள். சொன்னபடி வந்தார்கள், அதுவும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் அடித்துக்கொண்டு. வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கல்லைக் கடத்தினார்கள். ஆளுக்கு ஒரு வீடியோ எடுத்தார்கள். மதியத்துக்குள் லோடு முழுவதையும் அழகாக அடுக்கிவிட்டுப் போனார்கள். பார்க்க எனக்கே கண் கலங்கியது.

திங்கட்கிழமை மேஸ்திரி ஏழுமலை வந்து அந்த அடுக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தூண் எழும்பவேண்டிய இடம் அத்தனையிலும் செங்கல். அவருடைய ஆட்கள் அன்று முழுக்க அதை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார்கள். சாயங்காலம் கை கழுவிக்கொண்டே ஏழுமலை என்னிடம் சொன்னார்: "அடுத்த சனிக்கிழமை அவங்கள ஜெபம் மட்டும் பண்ணச் சொல்லும்மா. கல்ல நாங்க பாத்துக்கறோம்."

மெஷின் வராத காலை

தளம் போடுகிற நாள் வந்தது. ஷீட்டும் ஜாக்கியும் எங்கள் உபயம். கலவை மெஷினையும் நாங்களே கொடுத்திருப்போம். ஆனால் சபையிலேயே இருக்கிற ஒரு காண்ட்ராக்டர், அந்தப் பாக்கியம் தனக்கு வேண்டும் என்று அடம்பிடித்தார். அதனால் எங்கள் மெஷினைப் பக்கத்துத் தெரு அம்மன் கோயில் அன்னதான மண்டபத்து வேலைக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். காலையில் கம்பி கட்டி, ஆள் இறங்கி, ஜல்லி குவித்துக் காத்திருக்கிறோம். காண்ட்ராக்டரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் மட்டும் வந்தது. வேறு சைட்டில் மாட்டிக்கொண்டாராம், எங்களுக்காக ஜெபிக்கிறாராம். பாலாற்றுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தளத்தைப் பாதியில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட இடத்தில் ஆயுசுக்கும் ஒழுகும். ஆட்களை அனுப்பிவிட்டால் மறுபடி அவர்கள் கிடைப்பது மழைக்காலம் முடிந்துதான்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கோயில் கமிட்டித் தலைவர் முருகேசன், வீட்டில் தறி போட்டிருப்பவர். அவருடைய வேலையும் பாதியில்தான் இருந்தது. நான் வானத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தேன். "என்னம்மா, மழை வருதுன்னு பயமா?" என்றார். ஆமாம் என்றேன். தம் ஆட்களைப் பார்த்து, "மெஷின அவுங்க சபைக்கு இழுத்துக்கினு போங்கப்பா. நம்மளுது தரை வேலைதான், நாளைக்கு ஆவட்டும்" என்றார். கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பும்போது அவர் கூப்பிட்டார்: "அடுத்த மாசம் எங்களுக்கும் தளம் இருக்குதும்மா. உங்க சாமிக்கு ஷீட்டு சும்மான்னா, எங்க ஆத்தாவுக்கும் அப்படித்தானே?"

இருக்கட்டுமே ஜாக்கி

அன்றே தளம் போட்டு முடித்தோம். முடித்த பிறகுதான் மழை வந்தது. தளம் இறுகும்வரை ஷீட்டு அடியிலேயே இருக்கவேண்டும். அதுவரை கடையில் சாமான் இல்லை. வழக்கமான வாடிக்கைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வாலாஜாபாத் கடைக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கடிகாரங்களுக்கு ஒவ்வொன்றாகச் சாவி... சாவி ஏது, பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

ஏழுமலை, பிரிக்கலாம் என்று சொன்ன அன்றே ஆட்களோடு போனேன். டேவிட் சார் வாசலில் குறுக்கே நின்றார். உள்ளே ஜாக்கிக் கம்பங்களுக்கு நடுநடுவே நாற்காலி போட்டு ஆராதனையே ஆரம்பித்திருந்தார்கள். முந்தின ஞாயிறு நல்ல மழை, ஒரு சொட்டுகூட இறங்கவில்லை என்று அவரே சந்தோஷமாகச் சொன்னார். பழக்கதோஷத்தில் எல்லோரும் மேலே மேலே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "அப்புறம் என்ன சார், கழட்டிடலாமே" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "விசுவாசம் இருக்குதும்மா. ஆனாலும் ஜாக்கி இன்னும் ரெண்டு வாரம் இருக்கட்டுமே."

பாய் கொடுத்த தரை

டைல்ஸ் கடை ரஹீம் பாயின் மகனுக்கு டேவிட் சார் பாடம் எடுத்தவர். அந்த மரியாதைக்குப் பாய், தரை முழுக்க என் பொறுப்பு என்றார். குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்தால் மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, இன்னும் பெயர் தெரியாத நிறங்கள். எல்லாம் கடையில் மீந்தவை. "ஒரே கலரா இல்லையா பாய்?" என்று மெதுவாகக் கேட்டேன். "ஒரே கலர்னா அது ஆர்டரும்மா. தர்மம்னா மீந்தது தான்" என்றார் கூச்சமே படாமல்.

ஆனால் பாய் அதோடு போய்விடவில்லை. கட்டர் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, நடுவில் பச்சை, ஓரம் முழுக்க அரக்கு, இடையில் மெல்லிசாக மஞ்சள் என்று சொந்தக்காரர் வீட்டு வேலை மாதிரி நாள்கணக்கில் வெட்டி வெட்டிப் பதித்தார். முடிந்ததும் பார்க்க வந்த தறிக்காரர் வீட்டு அம்மா ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஜெபத்துக்கு வந்த மாதிரி இல்லம்மா, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த மாதிரி இருக்குது."

பிரதிஷ்டை நாள்

பிரதிஷ்டை அன்று கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் போதகர் வாசித்தார். என் பெயர் வந்தபோது, "தளத்துக்கு ஷீட்டு உபயம், சகோதரி ஸ்டெல்லா" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா. நிமிர்ந்து தளத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது.

"ஷீட்டு குடுத்தீங்கன்னாங்களே, எங்கம்மா காணோம்?" என்று கேட்டார். தளம் இறுகியதும் பிரித்தாகிவிட்டது, கடையில் இருக்கிறது என்றேன். அவர் கையில் எடுத்த பிரியாணியை அப்படியே இலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கினு போயிட்டீங்களா?"

அதற்கப்புறம் இன்னொரு கரண்டி பிரியாணி கேட்க எனக்குக் கூச்சமாகிப் போனது என்பதைத் தவிர, இந்தத் திருப்பணியில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.